பல்லும் பசையும்

பல்வரிசையை முல்லை யரும்பென்றும் முத்தென்றும் புனைந்துரைத்தல் தமிழ்ப் புலவர் மரபு. அம்மரபைப் பயிலும் நாம், வரிசை பிறழ்ந்த பல்லுடையாரை எள்ளி நகையாடுதல் அழகன்று. அவ்வேளனத்திற்கும் மணப்பேச்சிற்கும் அஞ்சிப் பல்லிற் 'கிளிப்பு' ஒட்டுவிக்க விரையும் நண்பர்க்கும் ஒன்று சொல்ல விழைகின்றேன்.

ஒட்டுதல் எங்ஙனம் நிகழ்கின்றது? தேங்காய்ப்பட்டணம் போன்ற மீன்பிடித் துறைகளில் அதற்கோர் உவமை காணலாம். பைபர் வள்ளத்தில் உடைவு நேரின், அவ்விடத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஈரமற உலர்த்திய பின்னரே பிசின் பூசுதல் வேண்டும். வழுவழுப்பிலும் ஈரத்திலும் பிசின் நன்கு பற்றாது. பல்லிலும் முறை இதுவே. பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமல் என்னும் பற்சிப்பியைச் சிறிது அரித்தால் பிசின் உறுதியாகப் பற்றும் என்பதை 1955ஆம் ஆண்டில் மைக்கேல் புவனகோர் என்னும் அமெரிக்க அறிஞர் காட்டினார். பல்தோறும் உலோக வளையம் பூட்டிய வழக்கம் பின்னர் மெல்லக் குறைந்தது. இன்று 37 விழுக்காட்டு அமிலத்தை ஏறத்தாழ 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவி உலர்த்துவர். கண்ணுக்குப் புலனாகா நுண்துளைகளிற் பிசின் புகுந்து, நீல ஒளி பட்டு இறுகும்.

உவமை இவ்வளவில் நின்றுவிடுகின்றது. வள்ளத்தின் மேற்பூச்சுத் தேய்ந்தால் மீண்டும் பூசலாம். நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருளாகிய பற்சிப்பியோ, ஒருமுறை இழந்தால் மீள வளர்வதில்லை. அதனை ஆக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. ஆகவே, இப்பசையின் சிறப்பு வலிமையில் மட்டும் இல்லை. மெல்லும்போது பிடித்து நிற்றலும், கழற்றும்போது பல்லிற்குக் கேடின்றி விடுதலும் ஒருங்கே வேண்டும். மணநாள் நெருங்கிற்றென்று பயிலாதார் கையாற் பறித்தெடுப்பின் பற்சிப்பி சிதைதலுங் கூடும். கிளிப்பைச் சுற்றி அழுக்குப் படியவிடின் வெண்புள்ளிகள் தோன்றும். அவை சொத்தையின் தொடக்கம்.

ஆதலின், கடித்தற்கும் மெல்லுதற்கும் இடருள்ளோரும், தாமே தெளிந்து விரும்புவோரும், தகுதிபெற்ற பல் மருத்துவரை நாடுக. ஒன்றரை அல்லது இரண்டாண்டுப் பொறுமையும், நாள்தோறும் நன்கு துலக்கும் ஒழுங்கும் இல்லாதார் தொடங்காமையே நன்று. பிறர் நகைப்பைத் தீர்த்தற்கு நகைப்போர் திருந்துதல் தகும். பல் தேய்தல் தகாது. படைத்தவர் மறுமுறை தாராத செல்வம் அது.