நாலு லட்ச ரூபாயும் ஒரு பழைய காரும்

"கையில் நாலு லட்சம் இருக்கிறது. ஸ்விஃப்ட் பார்க்கலாமா, கிராண்ட் ஐ10 பார்க்கலாமா?" தெரிந்தவர்களிடமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் முதல் கார் வாங்குகிறவர்கள். பிள்ளைகள் வளர்ந்து பைக்கில் நாலு பேர் உட்கார முடியாமல் போயிருக்கும், அல்லது வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போய்க் களைத்திருப்பார்கள். அந்த நாலு லட்சம் பல வருடச் சேமிப்பு. போனால் மறுபடி சேர்வது கடினம். ஆகவே நிதானமாகவே பேசுவோம்.

மாடல் பற்றிய கேள்விக்குப் பதில் சுலபம். ஸ்விஃப்ட், வேகன் ஆர், கிராண்ட் ஐ10, டியாகோ எல்லாவற்றுக்கும் தாலுகா ஊர்களில்கூட உதிரி பாகம் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். எதை எடுத்தாலும் பெரிய தவறில்லை. ஆனால் ஆறேழு வருடம் ஓடிய பிறகு ஒரே மாடலின் இரண்டு வண்டிகள் ஒன்றுபோல இருக்காது. ஒருவர் நேரத்துக்கு ஆயில் மாற்றியிருப்பார். இன்னொருவர் எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் ஆறு மாதம் ஓட்டியிருப்பார். யார் கையில் இருந்தது, என்ன அடி பட்டது, காகிதம் சுத்தமா என்பவைதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.

நாலு லட்சம் பட்ஜெட் என்றால் நாலு லட்சத்துக்கு வண்டி பார்க்கக் கூடாது. மூன்றரைக்குள் பாருங்கள். டயர் நாலும் மாற்ற வேண்டியிருந்தால் சிறிய காருக்கே பதினாறு, இருபதாயிரம் ஆகும். பேட்டரி, பிரேக், ஒரு முழு சர்வீஸ், இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றச் செலவு எல்லாம் சேர்ந்தால் மிச்ச ஐம்பதாயிரம் எங்கே போனது என்றே தெரியாது. டயரின் வயதை அதன் பக்கவாட்டிலேயே படிக்கலாம். நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. மேலே பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும்.

விலை பேசும்போது இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. விற்பவர் தாம் அன்று கொடுத்த விலையிலிருந்து கணக்குப் போடுவார். நீங்கள் அதே மாடலின் இன்றைய ஆன்-ரோடு விலையிலிருந்து போடுங்கள்.

அடுத்து காகிதம். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே ஆர்.சி.யையும் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் போகவே வேண்டாம். ஆர்.சி.யில் தயாரான மாதமும் பதிவான தேதியும் தனித்தனியே இருக்கும். 2018-இல் தயாராகி 2019-இல் பதிவான வண்டியை '2019 மாடல்' என்பார்கள். எத்தனையாவது ஓனர் என்பதும் கடன் கொடுத்த வங்கியின் பெயரும் அதிலேயே தெரியும். எம்-பரிவாஹன் செயலியில் நம்பரைப் போட்டால் இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இ-சலான் தளத்தில் கட்டாத அபராதம் தெரிந்துவிடும். வங்கிப் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூட நகரக் கூடாது.

பாலிசியில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு: நோ க்ளெய்ம் போனஸ். ஒரு வருடம் க்ளெய்ம் இல்லாவிட்டால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்து வருடம் தொடர்ந்து க்ளெய்ம் இல்லாவிட்டால் 50. "ஒரு கீறல்கூட விழாத வண்டி சார், சிங்கிள் ஓனர், ஆறு வருஷம்" என்கிறார். பாலிசியில் போனஸ் பூஜ்யம் அல்லது 20 என்றிருக்கிறது. அப்படியானால் சமீபத்தில் ஏதோ நடந்திருக்கிறது. பாலிசியைப் புதுப்பிக்கத் தவறினாலும் போனஸ் போய்விடும் என்பதால் இதை வைத்தே ஆளைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. ஆனால் காரணம் கேட்டே ஆக வேண்டும். சொல்லும் பதிலுக்கு ஷோரூம் சர்வீஸ் ஹிஸ்டரியில் ஆதாரம் இருக்கும். மீட்டரைத் திருப்பி வைத்திருந்தாலும் அதே ஹிஸ்டரி காட்டிக்கொடுக்கும்: மூன்று வருடம் முன்பு 61,000 கிலோமீட்டரில் சர்வீஸ் ஆன வண்டி இன்று 48,000 காட்ட முடியாது.

போன வருடம் பக்கத்து வீட்டுக்காரருக்காக ஒரு வண்டி பார்க்கப் போனோம். வெள்ளை நிறம், பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. உள்ளே நல்ல வாசனை. அதுவே எங்கள் மெக்கானிக்குக்குப் பிடிக்கவில்லை. அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு அடியில், குறுக்கே பழுப்பாக ஒரு கோடு. விரலால் தேய்த்தார், காய்ந்த வண்டல் பொடியாக உதிர்ந்தது. பிறகு முன் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு. "கழுத்து வரைக்கும் தண்ணி நின்ன வண்டி இது" என்றார். கார்ப்பெட்டை மாற்றலாம், சீட் கவரை மாற்றலாம். பெல்ட்டின் உள்சுற்றைப் பெரும்பாலும் யாரும் கழற்றிக் கழுவுவதில்லை.

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னை மூழ்கியது. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் நெல்லையும் மூழ்கின. தண்ணீரில் நின்ற வண்டிகள் துடைத்து எடுக்கப்பட்டு வெளியூர்ச் சந்தைக்கு வருவது உண்டு. அவை உடனே நின்றுவிடாது என்பதுதான் ஆபத்து. வயரிங் கனெக்டர்களுக்குள் துரு மெல்லப் பிடித்து, ஆறு மாதம் கழித்து ஒருநாள் பவர் விண்டோ, இன்னொரு நாள் ஏ.பி.எஸ். விளக்கு என்று தொடங்கும்.

இடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்கப் பானட்டைத் திறந்து அதைத் தாங்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். பெயின்ட் உரிந்து ஸ்பேனர் தடம் இருந்தால் பானட் கழற்றப்பட்டிருக்கிறது. டிங்கரிங் செய்து பட்டி பார்த்த கதவு பெரிய குற்றமல்ல. நம் ஊர்த் தெருக்களில் அது சகஜம். கதவின் ரப்பர் பீடிங்கை இழுத்துப் பார்க்கையில் பில்லரில் வெல்டிங் தெரிந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். இன்ஜினைக் காலையில், சூடாகாத நிலையில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நாம் போவதற்கு முன்பே ஓடவிட்டு வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டிங் கோளாறும் ஆயில் எரியும் நீலப் புகையும் குளிர்ந்த இன்ஜினில்தான் நன்றாகத் தெரியும்.

பாதுகாப்பு விஷயத்தில் மாடல் பெயரை விட வேரியன்ட்டும் வருடமும் முக்கியம். எல்லாக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையில், பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் 2022 தொடக்கத்தில். அதற்கு முன் வந்த ஆரம்ப விலை வேரியன்ட்டுகள் பலவற்றில் இவை இல்லை. பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் போகப்போகிற குடும்பம், அலாய் வீலுக்கும் பெரிய திரைக்கும் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுப்பதே சரி.

டீசலா பெட்ரோலா என்பதில் பழைய கணக்கு இன்னும் பலர் மனதில் இருக்கிறது. சென்னையில் இரண்டுக்கும் லிட்டருக்குப் பத்து ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிற வீட்டில், பெட்ரோல் 15, டீசல் 20 மைலேஜ் என்று வைத்தாலும், வருடத்துக்குச் சுமார் பன்னிரண்டாயிரம்தான் மிச்சம். ஒரு இன்ஜெக்டர் கோளாறு அதை முழுதாக விழுங்கிவிடும். டெல்லி வட்டாரத்தில் டீசல் கார்களுக்குப் பத்து வருட வரம்பு வைத்த பிறகு, அங்கிருந்து பெரிய வண்டிகள் மலிவாக இங்கே வருகின்றன. டெல்லி என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, சாலை வரி மூன்றையும் கூட்டிய பிறகும் அது மலிவாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுத்தர ஓட்டமுள்ள குடும்பத்துக்கு உள்ளூர் பெட்ரோல் வண்டியே நல்லது என்பது என் தீர்மானம்.

வண்டி பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள். முட்டி வலி உள்ளவர் பின் சீட்டில் ஏறி இறங்குவதைப் பார்த்தால், உயரமான வேகன் ஆருக்கும் தாழ்வான செடானுக்கும் உள்ள வித்தியாசம் எந்த விமர்சனத்தையும்விடத் தெளிவாக விளங்கும். ஐந்து பேரும் ஏறி, ஏ.சி. போட்டு, ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள்.

கடைசியில் பெயர் மாற்றம். படிவம் 29-இலும் 30-இலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு "அப்புறம் மாற்றிக்கலாம்" என்று விடுவது நம்மிடம் உள்ள பெரிய தவறு. மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே விற்பவருக்கும் இது நல்லது. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நபருக்கான காப்பீடு மட்டும் தொடரும். உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்குப் பணம் கிடைப்பது சிக்கலாகும். விற்றவரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால் பிரீமியம் கொஞ்சம் கூடும். அதையும் முன்பே கணக்கில் சேருங்கள்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரு இருபதாயிரத்தையாவது நிறுத்தி வையுங்கள், ஆர்.சி.யில் உங்கள் பெயர் ஏறிய அன்று அதைக் கொடுத்தால் போதும்.