கலை வரலாறும் கால அட்டவணையும்

தொலைநிலைக் கல்வி வாயிலாகக் கலை வரலாறு பயில விழையும் அன்பர்கள் முதற்கண் மணிக்கணக்கை அறிதல் வேண்டும். 1985-இல் நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பென வகுத்துள்ளது. நான்கு கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். ஆறு திங்களில் முடிக்க, வாரம் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

இரவுப் பணி மாறி மாறி வரும் நம் இரயில்வேக் குடும்பங்களில், 'நாள்தோறும் இரவு 8 மணி' என்னும் ஏற்பாடு இரண்டாம் வாரமே தடம் புரளும். வாரக் கணக்கே நமக்கு ஏற்றது. வாசிப்பை வண்டியிலும் முடிக்கலாம். சிற்பத்தைக் கண்டறிதல் அவ்வாறன்று. அதற்கு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் வேண்டும். பயில்பவர் இல்லத்தரசியாயின், அன்றைய அடுப்பை மற்றவர் ஏற்க வேண்டும். கட்டணம் செலுத்தும் குடும்பங்கள் இதைத்தான் மறந்துவிடுகின்றன!

திருவனந்தபுரத்தில் இருப்பது நம் நற்பேறு. நேப்பியர் அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகளும் மரச் சிற்பங்களும் உள்ளன. 1880-இல் எழுந்த அக்கட்டடமே ஒரு பாடம். சென்னையில் செனட் மண்டபத்தை வகுத்த சிஷோம், இங்குக் கேரளக் கூரையைக் கையாண்டிருக்கிறார். இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதிப் பார்க்கலாம். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.