எந்த ஊரை எழுத?

போன மாசம் உவரிக்குப் போயிருந்தேன். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஊர் வரலாறு சேகரிக்கிறார்கள், 'கூட வாங்கண்ணே' என்று கூப்பிட்டார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதுதான் என் தகுதி. உவரி என்றால் கடல், உவர்நீர் என்று சொல்லி நானும் படிப்பைக் காட்டிக்கொண்டேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்: நெய்தல் நிலம், அந்தோணியார் கோயில், கப்பல் மாதா கோயில், சுயம்புலிங்க சாமி, போர்த்துக்கீசியக் கப்பல் கதை, பனை, தேரி மணல்.

கையில் அச்சடித்த படிவம். 'ஊர் தோன்றிய விதம்' முதல் கேள்வி. 'ஊரின் தனிச்சிறப்பு' அடுத்தது. தண்ணி இருந்துச்சு, சனம் வந்துச்சு, கோயில் கட்டுச்சு, ஊர் வளந்துச்சு. நம் பாடப்புத்தகங்களும் இதைத்தான் சொல்லித் தருகின்றன. மரம் வளர்வது போல ஊரும் வளர்ந்துவிட்டதாம்.

தாமிரபரணிப் பாசனத்து வயக்காட்டுப் பையன் ஒருத்தன் தனியாக வந்து கேட்டான். "அண்ணே, அடுத்த வாரம் அவங்கவங்க ஊரை எழுதணுமாம். நான் எந்த ஊரை எழுத?"

எனக்குச் சுருக்கென்றது. "ஊருக்குள்ள போயிட்டு வாறேன்"னு சொல்லிட்டுத்தான் எங்க அம்மா வேலைக்குக் கிளம்புவா. அப்படின்னா அவ கிளம்புன இடம் ஊரில்லையா? குளமும் கோயிலும் எல்லா நாட்டிலும் உண்டு தோழர்களே. ஊர் என்றும் சேரி என்றும் ரெண்டாகக் கிடக்கிறதே, நடுவில் ஒரு கூப்பிடு தூரம், அதுதான் தமிழ்க் கிராமத்தின் தனிச்சிறப்பு.

இது தானாக நடந்ததில்லை. அளந்து போட்டது. ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊர் ஊராக வரி நீக்கிய நிலங்களின் பட்டியல் இருக்கிறது. ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி, கம்மாணச்சேரி தனி. சுடுகாட்டிலும் பறைச்சுடுகாடு தனி. ஆயிரம் வருசத்துக்கு முந்தியே செத்தவனுக்கும் எல்லை போட்டுக் கல்லில் வெட்டி வைத்தாயிற்று. பொற்காலம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வரிகளை மட்டும் படிப்பதே இல்லை. அன்றைக்குச் சேரி என்ற சொல்லில் இழிவும் இல்லை. உத்திரமேரூர்ப் பிராமணர்கள் குடியிருந்ததும் சேரிகளில்தான், 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. சொல்லை அவர்கள் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அது நம்ம மேல ஒட்டிக்கிச்சு.

எங்க ஊர்ல சேரி கிழக்கே. ஆடியில மேக்காத்து அடிச்சா ஊர்ப் புழுதி, ஊர் நாத்தம் எல்லாம் எங்க மேல வரும். எங்க மூச்சு ஊர் மேல படாது. வாய்க்கால்லயும் அப்படித்தான். ஊர்ப் படித்துறை மேலே, எங்க துறை கீழே. பிணம் தூக்க ஊர்த்தெரு கிடையாது, நட்ட வயல்ல இறங்கித்தான் போகணும். ஒரு ஐப்பசி மழையில எங்க தாத்தாவைத் தூக்கிட்டுப் போனோம். முழங்கால் சேறு. தோள் மாத்தும்போது பாடை சரிஞ்சு, தாத்தா கை வெளிய தொங்கிருச்சு. ஊர் வளர்ந்த வரலாறு என்று யாராவது பேசினால் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் கிழித்துக் காட்டினார். அரசியல் சட்டம் கிராமத்தை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதனைக் கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்றார். கிராமமே இந்தியாவின் ஆன்மா என்றவர்களுக்கு அது இன்றுவரை செரிக்கவில்லை.

சரி, அடிபட்ட சனம் தானே ஊர் கட்டினால்? உவரிக்கு வடக்கே சாத்தான்குளம் பக்கம் முதலூர் இருக்கிறது. மதம் மாறியதற்காக விரட்டப்பட்டவர்கள் 1799இல் நிலம் வாங்கி உண்டாக்கியது. பேரிலேயே 'ஊர்' இருக்கிறது. ஒடுக்கப்பட்டவன் ஊர் கட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி. (உள்ளே சாதி ஒழிந்ததா என்பது வேறு கதை.) நம்மவர் கட்டினால்? கொடியங்குளத்தில் வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்து மச்சு வீடு கட்டினார்கள். 1995 ஆகஸ்ட் 31இல் நூற்றுக்கணக்கான போலீஸ் புகுந்தது. டி.வி.யை, மின்விசிறியை, தையல் எந்திரத்தை உடைத்தார்கள். குடிக்கிற கிணத்துல விஷம் கலந்தாங்கன்னு சனம் சாட்சி சொல்லிச்சு. கலவரத்தை அடக்க வந்தவனுக்குத் தையல் எந்திரத்தின் மேல் என்ன கோபம்? சேரி ஊர் மாதிரி ஆகிவிட்டதே என்ற கோபம்தான்.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான், வரவேற்கிறேன். பலகையை மாற்றுங்கள். கையோடு சுடுகாட்டுப் பாதையையும் போடுங்கள்.

அந்தப் பையனிடம் ரெண்டையும் எழுதச் சொன்னேன். சேரி எந்தத் திசையில், தண்ணி முதலில் யாருக்கு, பிணம் எந்த வழியாகப் போகும் என்று மூன்று கேள்விகள் சேர்க்கலாமா என்று படிவம் தயாரித்த பேராசிரியரைக் கேட்டேன். தாளில் இடமில்லை என்றார். பின்பக்கம் முழுக்கக் காலியாகத்தான் கிடக்கிறது. அதில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.