ஒரே பேரேடு, ரெண்டு ஃபீஸ்

“அண்ணாச்சி, பள்ளிக்கூடத்துல படிச்சதையேதான் காலேஜ்லயும் நடத்துதாவளாம். அப்போ எதுக்கு இன்னொரு வாட்டி ஃபீஸ் கட்டணும்?”

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. மகன் பி.காம். முதலாண்டு, சுயநிதிப் பிரிவு. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் நானும் பி.காம்.தான். பிளஸ் ஒன்னில் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு என்று கை வலிக்க எழுதிவிட்டுக் கல்லூரிக்குப் போனால், அங்கேயும் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு! சயின்ஸ் குரூப்பிலிருந்து வந்தவனுக்குப் பற்று எது, வரவு எது என்று தெரியாதே. அவனுக்காக முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அவனுக்கு அது பாடம். எனக்கு அது தூக்கம்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மினசோட்டா மாநிலம் 1985-லேயே சட்டம் போட்டது. 11, 12-ம் வகுப்பு மாணவர்கள் பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடம் படிக்கலாம். கட்டணம் அரசுடையது. தேறினால் அது பள்ளிக் கணக்கிலும் ஏறும், கல்லூரிக் கணக்கிலும் ஏறும். இதற்கு இரட்டைப் பதிவு என்று பெயர். இன்று அங்கே கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளிகள் பலவும் கல்லூரிகளோடு கைகோத்து இதை நடத்துகின்றன.

நம்மூரில் இரட்டைப் பதிவு இல்லை என்று யார் சொன்னது? பகலில் பள்ளிக்கூடம், விடியற்காலையும் ராத்திரியும் நீட் கோச்சிங். பிள்ளைக்கு ரெண்டு இடத்தில் பெயர், அப்பாவுக்கு ரெண்டு ரசீது. ஆனால் கோச்சிங்கில் படித்தது எந்தப் பட்டத்திலும் கணக்கில் ஏறாது. சீட் கிடைக்காவிட்டால் மொத்தமும் வாராக் கடன்.

இப்போது பாளையங்கோட்டைக்கு வாருங்கள். ‘தென்னகத்தின் ஆக்ஸ்ஃபோர்டு’ என்று மார்தட்டுகிற ஊர். தூய யோவான் 1878, சாராள் தக்கர் 1895, தூய சவேரியார் 1923. இந்தியாவுக்கே வந்திராத ஒரு பெண்ணின் பெயரால் நடந்த பெண்கள் பள்ளிதான் சாராள் தக்கர் கல்லூரியாக வளர்ந்தது. பள்ளியும் கல்லூரியும் இங்கே ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். இன்றைக்கும் ஒரே திருமண்டலம், ஒரே சபை இரண்டையும் நடத்துகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்டோகூட வேண்டாம், நடந்தே போய்விடலாம்.

ஆனால் பிளஸ் ஒன் பிள்ளை கல்லூரியில் ஒரே ஒரு பாடம் படித்து, அதைக் கணக்கில் சேர்க்க வழியில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பட்டமே படிக்கலாம் என்று யுஜிசி 2022-ல் சொல்லிவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பட்டப்படிப்புக்கு, பதினொன்றாம் வகுப்பு முடித்த பிள்ளையே தகுதித் தேர்வு எழுதி இடத்தை உறுதி செய்துகொள்ளலாம். ஐ.ஐ.டி. கதவு பாதி திறக்கிறது. பக்கத்துத் தெருக் கல்லூரியின் கதவு திறக்காதா?

“சின்னப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவதா?” என்பீர்கள். 1978-ல் பிளஸ் டூ வரும்வரை, எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு பி.யு.சி. படிக்கக் கல்லூரிக்குத்தானே போனார்கள் உங்கள் அப்பாவும் சித்தப்பாவும்? அப்போது அவர்களுக்கு என்ன வயது?

“இது மத்திய அரசின் கல்விக் கொள்கையில் வருகிற சமாச்சாரம் ஆச்சே” என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 2023-ல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு பள்ளிப் படிப்பையும் கணக்கில் சேர்க்கிறது, உண்மைதான். அது பிடிக்கவில்லையா? சரி. மாநில அரசே தன் பாணியில் ஒன்றைச் செய்யட்டும். யார் சொன்னார்கள் என்பதற்காக நல்லதை ஒதுக்கினால், நஷ்டம் டெல்லிக்கு இல்லை, மேலப்பாளையத்துக்குத்தான்.

இதற்கு நேரமும் இதுதான். பிளஸ் ஒன் பாடத்தை அப்படியே தாண்டிக் குதித்துவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூவையே உருப்போட வைத்த பள்ளிகளைக் கட்டிப்போடத்தான் 2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டு வந்தார்கள். 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது, நல்லது. ஆனால் பழைய உருப்போடும் தொழில் மறுபடி கடை விரிக்க எத்தனை நாளாகும்? அதற்கு முன்னால் அந்த வருடத்தில் ஒரு கல்லூரிப் பாடத்தை உட்கார வையுங்கள். கணக்குப் பதிவியலோ, கம்ப்யூட்டரோ, பிள்ளை விரும்புகிற ஒன்று. வாரத்தில் ஒரு மதியம் போதும். தேறினால், பின்னால் பட்டப்படிப்பில் சேரும்போது அந்தத் தாளுக்கு விலக்கு. மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தலையசைக்க வேண்டும். பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகள் முதல் அடி வைக்கலாம்.

விலக்குக் கொடுத்தால் கட்டணமும் குறைக்க வேண்டியிருக்கும். தயக்கம் அங்கேதான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பென்றால் நிர்வாகங்கள் செய்து காட்டட்டும், இதே பக்கத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.

“அரசாணை வரட்டும் சார்” என்பது வழக்கமான பதில். பேராயர்களே, சேசு சபைப் பெரியவர்களே, ஒன்று கேட்கிறேன். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு என்று ஊரே சிரித்த காலத்தில் உங்கள் முன்னோர் பள்ளிக்கூடம் திறந்தார்களே, அரசாணைக்கா காத்திருந்தார்கள்?

அந்த அம்மா சுற்றுகிற ஒவ்வொரு பீடிக்கும் கணக்கு உண்டு. சரியில்லாத பீடியை அவள் தலையில் கழித்துவிடுவார்கள். ஒரே பாடத்தை இரண்டு தடவை விற்ற நம்மிடம் யார் கழிப்பது?