சவர்க்காரத்துக்குள் ஒளிந்திருக்கும் மாடு

ஹட்டன் பிரதான வீதியிலுள்ள கடையொன்றில் சென்ற மாதம் நான் கண்ட காட்சி இது. எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் முகப்பூச்சுப் பெட்டியைக் கண்ணருகே பிடித்து, எறும்பளவு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். "என்ன டீச்சர், பரீட்சையா?" என்று கடைப் பையன் சிரித்தான். டீச்சர் சிரிக்கவில்லை. மாட்டிறைச்சி உண்ட சில மணி நேரத்தில் உடல் தடித்து, மூச்சுத் திணறி, நள்ளிரவில் வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர் அவர். பாலூட்டி விலங்குகளின் பொருள் அவருக்கு ஆகாது.

இது மேல்நாட்டார் நோய் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அல்ஃபா-கல் என்பது மனிதரில் இல்லாத, ஆடு, மாடு, பன்றி போன்றவற்றில் உள்ள ஒரு சர்க்கரை. சிலவகை உண்ணிகள் கடித்தபின் சிலரது உடல் அதனைப் பகையாகக் கொள்கிறது. உண்டு 2 முதல் 6 மணி நேரம் கழித்தே விளைவு தெரிவதால் காரணம் எளிதில் பிடிபடுவதில்லை. இதனின் வேறான மாட்டுப் புரத ஒவ்வாமை, நம் நாட்டுக் குழந்தைகள் சிலருக்குத் தடுப்பூசியால் நேர்ந்த ஒவ்வாமைக்குக் காரணமாகலாம் எனக் கொழும்பு ஆய்வாளர்கள் 2017இல் எழுதினார்கள்.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். லனோலின் செம்மறியாட்டு உரோமத்தின் மெழுகு. சோடியம் டலோவேட் விலங்குக் கொழுப்பில் செய்தது. இவற்றைப் பெயரால் பிடித்துவிடலாம். கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரும், செம்பனை எண்ணெயிலிருந்தும் வரும், பெயரோ ஒன்றே. ஆங்கிலம் கற்ற டீச்சரே திணறினால், கொழுந்து பறிக்கும் தாய் என்ன செய்வாள்?

பூசும் பொருள் எல்லா நோயாளரையும் தாக்குவதில்லை. இறைச்சியைவிட ஆபத்துக் குறைவுதான். ஆனால் உதட்டுச்சாயமும் பற்பசையும் வாய்க்குள் போகின்றனவே! எது தாக்கும் என்று தம் உடலிலேயே சோதித்துப் பார்க்கச் சொல்வது நியாயமா?

'அழகுசாதனம்' என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கியிருந்த 1980ஆம் ஆண்டுச் சட்டம் 2015இல் நீக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின் பெயரில் அச்சொல் இல்லை. எனினும், சுட்டுத்துண்டில் என்ன இருக்க வேண்டும் என்று பணிக்கும் அதிகாரம், 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வாமை தரும் 26 வாசனைப் பொருட்களைப் பெயர் சொல்லி அச்சிடவைத்தது. 2023இல் அந்தப் பட்டியலை 80க்கு மேல் விரித்தது. மனமிருந்தால் முடியும்.

செலவு கூடும் என்பார்கள். கொழுப்பை வாங்குகிறவனுக்கு அது மாடா பனையா என்று தெரியாதா? தெரிந்ததை அச்சிட இரண்டு சொல் போதும்: 'விலங்கு மூலம்' அல்லது 'தாவர மூலம்'. மாடு தவிர்க்கும் இந்துவுக்கும் பன்றி தவிர்க்கும் முஸ்லிமுக்கும் அது பயன்படும். 1987 முதல் தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. ஆகவே அந்த இரண்டு சொல்லும் தமிழிலும் வேண்டும்.

டீச்சர் அன்று பெட்டியை வைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியேறினார். சலுகை எதையும் அவர் கேட்கவில்லை. தான் காசு கொடுத்து வாங்குவது என்னவென்று அறியவே கேட்கிறார்.