கடல் காத்தவரைக் கடல் கடந்துபோய்த்தான் பாராட்ட வேண்டுமா?

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஏரியைச் சுற்றும்போதே ஒரு பெயரைத் தெரிந்துகொள்கிறார்கள்: லெவிஞ்ச். மதுரை கலெக்டராக இருந்தவர். 1863இல் ஏரியை உருவாக்கியவர். சேற்றில் இறங்கி மண் சுமந்தவர்களை யாரும் கேட்பதில்லை. பழனி மலையைத் தலைமுறைகளாக அறிந்த பளியர்களும், 2013இல் இந்தக் காடு சரணாலயமான பிறகு, தேனெடுக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டத்தைக் காட்டித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. காட்டைக் காப்பவர் என்ற பட்டம் மட்டும் வேறு யாருக்கோ போகிறது.

இந்த மலையின் தெற்குச் சரிவில் பெய்யும் மழை பாம்பாறாகிக் கும்பக்கரையில் விழுந்து, வராக நதி வழியாக வைகையில் கலந்து, அழகன்குளத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடுகிறது. அங்கும் இதே கதைதான்.

பாம்பன் தீவின் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி சிறுவயதிலிருந்தே கடற்பாசி எடுப்பவர். 2015இல் கலிஃபோர்னியாவுக்கு அழைக்கப்பட்டு, தீவுச் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருதைப் பெற்றார். பரிசு 10,000 டாலர். அவரும் அவருடைய தோழிகளும் செய்தது என்ன? கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பறிப்பது அவர்கள் தொழில். பாசி திரும்ப வளர வேண்டுமே என்று அவர்களே கூடிப் பேசி, அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலுக்குப் போவது என்று முடிவெடுத்தார்கள். விசைப்படகுத் தடைக்காலத்தில் பாசி எடுப்பதையும் நிறுத்திக்கொண்டார்கள். நாள் கூலியை விட்டுக்கொடுத்துப் போட்ட கட்டுப்பாடு இது. இதை எந்த விஞ்ஞானியும் அவர்களுக்கு வகுத்துக் கொடுக்கவில்லை.

வனத்துறையின் கண்ணில் இதே பெண்கள் அத்துமீறுகிறவர்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்காவானது. அதற்கு முன்பிருந்தே அங்கே பாசி எடுத்தவர்கள் பிடிபட்டார்கள், பாசியைப் பறிகொடுத்தார்கள். அதே காலத்தில், 2000களின் தொடக்கத்தில், காப்பாஃபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசியை வளர்க்கும் பெப்சி நிறுவனத்தின் திட்டத்துக்கு இந்தக் கரையிலேயே வரவேற்பு கிடைத்தது. 2008இல் அந்தப் பாசி குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மீது படர்ந்து மூடுவதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். கையால் பறித்தவர் குற்றவாளி, முதலீட்டோடு வந்தவர் வளர்ச்சியின் தூதர். யாருடைய உடலிலிருந்து அறிவு வருகிறது என்பதை வைத்தே அதற்கு விலை போடுகிற சாதிச் சமூகத்தில் இதில் வியக்க ஒன்றுமில்லை.

கடல்சார் மரபு என்றால் நமக்கு உடனே சோழர் கப்பற்படை நினைவுக்கு வருகிறது. அழகன்குளத்தில் கிடைத்த, கப்பல் உருவம் கீறிய பானை ஓட்டைக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கப்பலைச் செலுத்திய அறிவு அருங்காட்சியகத்துக்குள் இல்லை. வாடையையும் கச்சானையும் நீவாட்டையும் பார்த்து இன்று இறங்கலாமா வேண்டாமா என்று சொல்லும் பெண்ணிடம் அது இருக்கிறது. அவரை நாம் கூலி என்கிறோம். ஆய்வு மாணவர்களாகிய நாங்களும் யோக்கியமில்லை. அவர்கள் சொன்னதை எழுதி முனைவர் பட்டம் வாங்குகிறோம், சொன்னவருக்கு ‘தகவலாளி’ என்று அடிக்குறிப்பில் இடம் ஒதுக்குகிறோம்.

2021 ஒன்றிய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பாசிக்குப் பணமதிப்பு வந்துவிட்டது. இனி யாருக்குக் கடல் என்ற கேள்வி கூர்மையாகும். லட்சுமி மூர்த்திக்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்வது எளிது. மலையில் பளியர்களுக்கு ஏட்டளவிலாவது 2006 சட்டம் இருக்கிறது. கடலில் மூழ்கி வாழ்பவர்களுக்கு அப்படி ஒரு சட்டமே இல்லை. அதை இயற்ற வேண்டும். பூங்காவை நிர்வகிக்கும் குழுக்களில் பாசி எடுக்கும் பெண்களுக்கு, பார்வையாளராக அல்ல, முடிவெடுப்பவராக இடம் வேண்டும். எந்த நாளில் எந்தத் தீவுப் பக்கம் இறங்கலாம் என்பதை அவர்கள்தான் ஏற்கெனவே முடிவுசெய்து வருகிறார்கள்.