உடைந்த இடத்தில் தொடங்கும் பணி

பண்டை எகிப்தியக் கலைக்குப் பொறுப்பேற்றிருக்கும் காப்பாட்சியரின் வேலை, அழகிய பொருள்களைத் தேர்ந்தெடுத்துக் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பார்வையாளரின் கண் சிலையின் முகத்திலேயே நின்றுவிடலாம். காப்பாட்சியரோ முறிந்த கழுத்தையும், முதுகைத் தாங்கும் தூணையும், சிதைந்த பீடத்தையும் பார்த்தாக வேண்டும். எகிப்தியச் சிலைகளில் மிகப் பல உடைந்தே கிடைத்திருப்பதால், எங்கே உடைந்தது, தானாக உடைந்ததா, யாரேனும் உடைத்தார்களா என்ற கேள்விகளுக்கு விடை காண்பதும் அவருடைய கலை ஆய்வின் பகுதியே.

மூக்கற்ற முகங்களை எடுத்துக்கொள்ளலாம். கற்சிலை கீழே விழுந்தால் முதலில் சேதமடைவது துருத்தி நிற்கும் மூக்குதான் என்பது எளிய விளக்கம். ஆனால், சுவரோடு ஒட்டிச் செதுக்கப்பட்ட, அதிகம் புடைத்து நிற்காத உருவங்களிலும் மூக்கு மட்டும் கொத்தப்பட்டிருப்பதை இந்த விளக்கத்தால் சமாளிக்க முடியாது. தெய்வமோ இறந்தவரின் ‘கா’ எனப்படும் உயிராற்றலோ சிலையில் வந்து தங்கும் என்று எகிப்தியர் நம்பினர். ஆகவே மூக்கைச் சிதைத்தால் உருவம் மூச்சிழந்து செயலற்றுப்போகும் என்ற கருத்திலேயே அவை சிதைக்கப்பட்டன என்று புரூக்ளின் அருங்காட்சியகத்தின் எகிப்தியப் பிரிவில் காப்பாட்சியராக இருந்த எட்வர்ட் பிளைபெர்க் விளக்கினார்.

இதைவிடச் சிக்கலானது ஹட்செப்சுட் சிலைகளின் கதை. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட இந்தப் பெண் அரசர், இன்றைய லக்சருக்கு எதிரே நைலின் மேற்குக் கரையில், டெயிர் எல்-பஹ்ரியில் எழுப்பிய கோயிலை அவருடைய சிலைகள் நிறைத்திருந்தன. அவருக்குப் பின் தனித்து ஆண்ட மூன்றாம் துட்மோசின் காலத்தில் அவை அகற்றப்பட்டு, உடைக்கப்பட்டு, குழிகளில் தள்ளப்பட்டன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் சார்பில் ஹெர்பர்ட் வின்லாக் 1920களில் நடத்திய அகழாய்வில், கோயிலருகே இருந்த பழைய கற்குவாரியிலிருந்து அத்துண்டுகள் பெருமளவில் வெளிவந்தன. அவற்றோடு பொருந்தக்கூடிய சில துண்டுகளோ, 1840களில் லெப்சியஸ் தலைமையில் வந்த பிரஷ்யக் குழுவினரால் பெர்லின் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தன. முறிவின் விளிம்புகளை ஒப்பிட்டு உறுதிசெய்த பிறகு, 1929இல் இரு அருங்காட்சியகங்களும் துண்டுகளைப் பரிமாறிக்கொண்டன. கடல் கடந்து பிரிந்து கிடந்த உடலும் தலையும் அதன் பின்னரே ஒன்றுசேர்ந்தன.

வின்லாக் இந்த அழிவில் கண்டது துட்மோசின் வன்மத்தை. நெடுங்காலம் பாடநூல்களும் அதையே சொல்லின. ஆனால் வின்லாக் குழுவினரின் களக்குறிப்புகளையும் புகைப்படங்களையும் மீண்டும் ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வு, பல சிலைகள் கழுத்து, இடை, முழங்கால் ஆகிய இடங்களில் முறையாக முறிக்கப்பட்டிருப்பதைச் சுட்டி, இது பிற மன்னர்களின் சிலைகளுக்கும் செய்யப்பட்ட, சிலையின் ஆற்றலை நீக்கும் சடங்காக இருக்கலாம் என்றும், எஞ்சிய சேதத்தின் ஒரு பகுதி, பிற்காலத்தவர் கல்லை மறுபயன்பாட்டுக்கு எடுத்ததால் நேர்ந்தது என்றும் வாதிடுகிறது. வின்லாக்கின் முடிவைத் திருத்த உதவியவை அவருடைய குழு விட்டுச்சென்ற குறிப்புகளே. முடிவு பிழைபட்டாலும் பதிவு பிழைபடக் கூடாது என்ற தொழில் ஒழுக்கம் இங்கே பயன் தந்திருக்கிறது.

பதிவு பொய்யானால் என்ன ஆகும் என்பதற்கும் அதே மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமே சான்று. துணி, பசை, சுண்ணச்சாந்து ஆகியவற்றை அடுக்கிப் பொன்முலாம் பூசிச் செய்யப்பட்ட, நெட்ஜெமான்க் என்ற பூசாரியின் சவப்பெட்டியை அது 2017இல் ஏறத்தாழ 40 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒரு பொருள் யார் யார் கைமாறி வந்தது என்று காட்டும் உடைமை வரலாற்றுக்கு ஆதாரமாக 1971ஆம் ஆண்டின் ஏற்றுமதி உரிமம் ஒன்று காட்டப்பட்டது. உரிமத்தின் மாதம் மே. முத்திரையிலோ ‘எகிப்து அரபுக் குடியரசு’ என்ற பெயர். அந்த மே மாதத்தில் நாட்டின் பெயர் ஐக்கிய அரபுக் குடியரசு; பெயர் மாறியது செப்டம்பரில்தான். பெட்டி உண்மையில் 2011 எகிப்தியக் கிளர்ச்சியின்போது திருடப்பட்டது என்று தெரியவந்து, 2019இல் எகிப்துக்குத் திரும்பியது. தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசரும் இப்படிப் போலி ஆவணங்களோடுதான் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று 2014இல் மீண்டார் என்பதால், தமிழ் வாசகருக்கு இது தூரத்துச் செய்தியன்று.

எழுத்துகளையும் கல்வகைகளையும் நுட்பமாகப் படிக்கத் தெரிந்த ஒரு துறையினர், ஒரு தேதியையும் ஒரு முத்திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தவறினர் என்பது மன்னிக்கத்தக்க கவனக்குறைவன்று. வாங்கும் ஆசை வாசிக்கும் கண்ணை மறைத்தது என்றே கொள்ள வேண்டும். பொருளின் காலத்தையும் கல்லின் வகையையும் சொல்லும் விளக்கக்குறிப்பில், அது எந்த மண்ணிலிருந்து, எந்த ஆண்டில், எவருடைய அனுமதியோடு வெளியேறியது என்பதும் இனி அச்சிடப்பட வேண்டும். தெரியாதபோது, தெரியாது என்றே அங்கு எழுதப்பட வேண்டும்.